சாரல் குடித்த தட்டு

மேற்கு மலையில் ஒரு சுனை இருந்தது. அதன் ஆழத்தை அளந்து அறிவிக்கும் பொறுப்பு ஒரு கொக்குக்கு வழங்கப்பட்டிருந்தது. சித்திரை மாதத்தில் ஒரு நாள் கொக்கு சுனையின் நடுவே நின்று பார்த்தது. ‘முழங்கால் ஆழம்’ என்று கரைப்பாறையில் அலகால் கீறிவிட்டுச் சமவெளிக்குப் பறந்துபோயிற்று. ஆடி மாதத்தில் ஓர் ஆமை கரையேறி வந்து, சுனையின் அடியில் வெள்ளைக் கல் ஒன்று கிடப்பதாகவும், அதைத் தொட்டுத் திரும்புவதற்குள் தனக்கு மூச்சு முட்டிவிட்டதாகவும் சொன்னது. விலங்குகள் பாறையைப் பார்த்தன. முழங்கால் ஆழத்தில் ஆமைக்கு மூச்சு முட்ட வழியில்லை. ஆகவே ஆமை சொல்வது பொய். ஆகவே வெள்ளைக் கல்லும் இல்லை என்று தீர்ப்பாயிற்று. ஆமை வாதாடவில்லை. “இறங்கிப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னது.

ஆடு மேய்ப்பவர்கள் இக்கதையை இந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். யாராவது இறங்கினார்களா என்று கேட்டால், சுனை அங்கேதான் இருக்கிறது, போய்க் கேட்டுக்கொள் என்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழாம் ஆண்டு ஆனி மாதம், ஆமை சொன்ன அதே சொல்லைத் தானும் சொல்ல வேண்டிய நிலை கிருபாவதிக்கு வந்தது. போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்துவந்த சுந்தர்ராஜின் மூத்த மகள் அவள். இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்று, உத்தமபாளையத்துக்குத் தெற்கே கம்பம் சாலையை ஒட்டியிருந்த அருளொளி மகளிர் கல்லூரியில் விரிவுரையாளராகப் பணியாற்றிவந்தாள். கல்லூரியின் பழைய இசை அறை அவள் பொறுப்பில் இருந்தது. ஆர்மோனியங்களை அப்புறப்படுத்திவிட்டு அங்கே மூன்று நுண்ணோக்கிகளை வைத்திருந்தார்கள்.

அந்த நுண்ணோக்கிகளில் பார்ப்பதற்கென்று மதுரை ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து மரப்பெட்டிகளில் கண்ணாடித் தட்டுகள் வந்தன. ஒவ்வொரு தட்டின் மீதும் ஒரு பசை படிந்திருந்தது. புகைப்படச் சுருளில் பூசும் பசைதான். ஆனால் பல மடங்கு தடிப்பு. ஐரோப்பாவில், துகள்களை வேகமெடுக்க வைக்கும் ஒரு பெரிய முடுக்கி இயந்திரத்தின் முன்னால் இந்தத் தட்டுகளை அடுக்கி வைத்து, கே-மேசான் என்னும் துகள்களை இவற்றின் மேல் பாய்ச்சியிருந்தார்கள். பசைக்குள் புகுந்த துகள் தான் போன வழியெல்லாம் நுண்ணிய வெள்ளிப் புள்ளிகளை விட்டுச் செல்லும். மேலிருந்து பார்த்தால் எறும்புச் சாரி போலத் தெரியும். கே-மேசான் களைத்து நிற்கும் இடத்தில் ஓர் அணுக்கருவைச் சிதறடிக்கும். அங்கே ஒரு புள்ளியிலிருந்து பல சாரிகள் புறப்படும். நூல்கள் அதை நட்சத்திரம் என்றன. அறையில் வேலை பார்த்த பெண்கள் நண்டு என்றார்கள்.

நண்டுகள் ஏராளம். அவர்கள் தேடியது வேறு. அணுக்கரு என்பது புரோட்டான், நியூட்ரான் என்னும் இரண்டு குடும்பத்தார் மட்டும் வாழும் வீடு. ஒரே குடும்பத்தார் இருவருக்கு மேல் ஓர் அறையில் தங்கக்கூடாது என்பது அவ்வீட்டுச் சட்டம். எப்போதாவது லாம்டா என்னும் அயலூர்க்காரி அங்கே வந்து சேர்வாள். எந்தக் குடும்பத்திலும் சேராதவளாகையால் அவளைச் சட்டம் கட்டாது. நேரே உள்ளறைக்குச் சென்று அமர்ந்துகொள்வாள். ஒரு கண்ணிமைப்பை நூறு கோடியாகப் பகுத்தால் வரும் நேரந்தான் அவள் அங்கே தங்குவது. அவள் மறையும்போது வீடும் சிதறிப்போகும். இத்தகைய துகள்களுக்கு விசித்திரத் துகள்கள் என்றே அறிஞர்கள் பெயரிட்டிருந்தார்கள். சிதறிய வீட்டின் அடையாளம், ஒரு நட்சத்திரத்தின் கால் முனையில் இன்னொரு சிறு நட்சத்திரம்.

அந்த ஆனியில் மலைக்கணவாய் வழியாக முதல் சாரல் வந்த நாளில், கோம்பையைச் சேர்ந்த மாயக்காள் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே குரல் கொடுத்தாள்.

“டீச்சர், இங்கன வாங்க. நண்டு கால் நுனியில இன்னொரு நண்டு ஒக்காந்திருக்கு.”

அடுத்த மேசையிலிருந்த பவுனு சிரித்தாள். “போன வாரம் இவ பாத்தது முடி டீச்சர். அதுக்கு முந்தி தூசி. இன்னைக்கு நண்டு பிள்ளை பெத்திருக்காக்கும்.”

“அது ஒன் தலைமுடிதான்டி. சீவாம வந்தா பிளேட்டுல விழாம என்ன செய்யும்?”

கிருபாவதி குனிந்து பார்த்தாள். பெரிய நட்சத்திரத்திலிருந்து தடித்த குட்டைத் தடம் ஒன்று கிளம்பி நின்றிருந்தது. அது நின்ற இடத்திலிருந்து மூன்று தடங்கள் புறப்பட்டன. இரண்டு தடித்தவை, குட்டையானவை. மூன்றாவது மெலிந்தது, தட்டைத் தாண்டி அடுத்த தட்டுக்குள் ஓடியது. அவள் நுண்ணோக்கியின் குமிழை மேலும் கீழும் திருகிப் பார்த்தாள். பிறகு, “முடி இல்ல” என்றாள்.

மறுநாள் முழுவதும் அவள் அளந்தாள். நிலையாக நின்ற ஒரு பொருள் மூன்றாகச் சிதறினால் அந்த மூன்று வழிகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். ஒரே முடிச்சில் கட்டிய மூன்று கயிறுகளை மூன்று பேர் இழுக்கும்போது முடிச்சு அசையாமல் நிற்கிறதென்றால், கயிறுகள் மூன்றும் ஒரு மேசைப் பலகையைப் போன்ற தளத்தில்தான் கிடக்கும். ஒன்று மட்டும் மேலே தூக்கி நின்றால், கண்ணுக்குத் தெரியாத நாலாவது ஆள் இழுக்கிறான் என்றாகும். அல்லது அந்தக் கயிறு இந்த முடிச்சைச் சேர்ந்ததே இல்லை என்றாகும்.

பசையை மருந்து நீரில் கழுவி உலர்த்தும்போது அதன் தடிப்பு பாதிக்கும் கீழாகச் சுருங்கிவிடும். ஆகவே நுண்ணோக்கியில் கண்ட ஆழத்தை ஓர் எண்ணால் பெருக்கித்தான் பழைய ஆழத்தை அறிய வேண்டும். அதற்குச் சுருக்க எண் என்று பெயர். தட்டுகளைக் கழுவிய பம்பாய்த் தலைமை ஆய்வுக்கூடத்தின் உலர்ந்த அறையில் கண்டறிந்த சுருக்க எண் ஒவ்வொரு பெட்டியின் மேலும் ஒட்டப்பட்டிருந்தது. கிருபாவதி அதைக் கொண்டு பெருக்கினாள். மெல்லிய தடம் மற்ற இரண்டோடு சேரவில்லை. பலகையை விட்டு எழும்பி நின்றது.

அவள் அதை மறைக்கவில்லை. தளம் பொருந்தவில்லை, ஆயினும் மூன்று தடங்களும் ஒரே புள்ளியில் தொடங்குகின்றன, மறுபடி ஆராய வேண்டும் என்று குறித்துக் கணக்கை மதுரைக்கு அனுப்பினாள்.

ஒரு வாரம் கழித்து, கல்லூரி முதல்வர் ஞானபாக்கியத்தின் அறைக்கு டிரங்க் கால் வந்தது. மறுமுனையில் திட்டத் தலைவர் டாக்டர் சங்கரலிங்கம்.

“கிருபாவதி, ஒங்க நிகழ்வைப் பாத்தேன். ஒரு தடம் எங்கேயோ கெடக்கேம்மா.”

“அதை நானே எழுதியிருக்கேன் சார். ஆனா மூணும் ஒரே எடத்துல இருந்துதான் பொறப்படுது.”

“பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரு ஒரே பெஞ்சுல ஒக்காந்தா சொந்தக்காரங்களா? தற்செயலா ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு.”

“தற்செயலா வந்தது அந்தப் பக்கம் தாண்டிப் போயிருக்கணும் சார். இது தாண்டல. அங்கனதான் தொடங்குது.”

“நான் அதைப் பட்டியல்ல இருந்து அடிச்சிட்டேன்.” அவர் குரலில் கோபமில்லை; களைப்பு இருந்தது. “சனிக்கிழமை நம்ம டிரைவர் ஜேசுராஜ் வேன் கொண்டு வருவாரு. எல்லாப் பெட்டியும், மைக்ராஸ்கோப்பும் கொடுத்து அனுப்புங்க. பம்பாய்ல என்னைக் கேலி பண்றாக. ஏலக்காய் மூட்டைக்கு நடுவுல அணுக்கருவைத் தேடுறீரான்னு கேக்குறாக. இந்த மாதிரி கணக்கை அனுப்பினா நான் என்ன பதில் சொல்றது?”

“தட்டைப் பாத்தீகளா சார்?”

“கணக்கைப் பாத்தேன்.”

“கணக்கு நான் போட்டது. தட்டு நான் போட்டதில்ல. தட்டைப் பாருங்க.”

“அதுக்குத்தானே அனுப்பச் சொல்றேன்?”

“அடிச்சதுக்கு அப்புறம் அதை யாரு பாக்கப்போறாக? பெட்டியோட பெட்டியா மூலையில கெடக்கும். மத்ததெல்லாம் ஜேசுராஜ் அண்ணன் எடுத்துட்டுப் போகட்டும். இந்த ஒரு தட்டை அவரு கையில கொடுக்கமாட்டேன். நீங்க வந்தா ஒங்க கையில தர்றேன்.”

தொடர்பு அறுந்ததா, அவர் வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை. ஞானபாக்கியம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நீ இப்பப் பேசினது என் காதுலயே விழலைன்னு வச்சுக்கிறேன். மறுபடி கால் போட்டு மன்னிப்புக் கேளு.”

“எதுக்கு மிஸ்?”

“எதுக்கா? அந்த மூணு மைக்ராஸ்கோப்பும் அவுக கொடுத்தது. தூக்கிட்டுப் போனாகன்னா அந்த ரூமுல மறுபடியும் ஆர்மோனியந்தான்.”

“அப்ப ஆர்மோனியம் வாசிக்கிறேன் மிஸ். இல்லாததை இருக்குன்னு சொன்னவன்னு பேரு வாங்கிட்டு வாசிக்கமாட்டேன்.”

ஞானபாக்கியம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். “ஒங்க அப்பாவும் இப்படித்தான். ஏலக்காயை மோந்து பாத்துட்டு வேணாம்னா வேணாந்தான்” என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கிருபாவதி போடியில் அப்பாவின் கடையில் அமர்ந்திருந்தாள். கையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து காய் கொண்டுவரும் ஒச்சாண்டி, சாக்கை அவிழ்த்து ஒரு பிடி அள்ளிக் காட்டினார்.

“மொதலாளி, காயைப் பாருங்க. ஒவ்வொண்ணும் கொழுகொழுன்னு இருக்கு.”

சுந்தர்ராஜ் ஒன்றை விரலால் நசுக்கிப் பார்த்தார். “கொழுகொழுன்னு இல்ல ஒச்சாண்டி, பொதபொதன்னு இருக்கு. சாக்கை மேக்குத் தாவாரத்துல போட்டு வச்சியா?”

“ஒரே ஒரு பொழுது மொதலாளி.”

“சாரலுக்கு ஒரு பொழுது போதும். காய் தண்ணி குடிச்சு உப்பிப்போச்சு.”

“குடிச்சது காய்தான மொதலாளி, நான் இல்லையே! என்னைய ஏன் வையிறீக?”

கடையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். கிருபாவதி சிரிக்கவில்லை. அவள் அந்த உப்பிய காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்த பசை ஜெலட்டின். ஏலக்காய் ஈரம் குடிக்குமென்றால் ஜெலட்டின் குடிக்காதா? குடித்தால் உப்பும். உப்பிய பசையில் ஆழம் கூடுதலாகத் தெரியும்; காற்றுப் பட்டு முதலில் உப்பும் மேல்பகுதியில் ஓடிய மெல்லிய தடத்துக்கு இன்னும் கூடுதலாக. அதை உலர்ந்த அறையின் சுருக்க எண்ணால் பெருக்கினால், தட்டையாய்ப் படுத்திருந்த தடம் தலைதூக்கி நிற்பதாகக் கணக்கு சொல்லும். கொக்கு சித்திரையில் கீறிய பாறையை வைத்து ஆடிச் சுனையை அளந்த கதைதான்.

அப்போதுதான் ஜன்னல் அவள் நினைவுக்கு வந்தது.

நுண்ணோக்கி அறையின் ஜன்னல்கள் எந்நேரமும் சாத்தியிருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. ஈரத்தை உறிஞ்சும் நீல மணிகள் நிறைந்த கண்ணாடி ஜாடிகளையும் அறையில் வைத்திருந்தார்கள். ஈரம் ஏறினால் மணிகள் இளஞ்சிவப்பாகும். விடுதிச் சமையலறையில் வறுத்தால் மீண்டும் நீலமாகும். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துவந்தது, முதல் சாரல் வரும்வரை. ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் முதல் சாரலுக்கு மேற்கு ஜன்னலை அடைப்பதில்லை. சித்திரையும் வைகாசியும் வறுத்தெடுத்த உடம்பு அது. கணவாய்க்குள் காற்று ஊளையிடத் தொடங்கியதும் கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து வாசலில் நிற்பார். பஸ் கண்டக்டர் படுதாவைச் சுருட்டிவிடுவார். முகத்தில் சாரலை வாங்காமல் கதவடைப்பது, வீடு தேடி வந்த விருந்தை வாசலோடு அனுப்புவதற்குச் சமம். அன்றும் அப்படித்தான் ஆயிற்று. மூன்று ஜன்னல்களையும் விரியத் திறந்தது மாயக்காளும் இல்லை, பவுனுவும் இல்லை. கிருபாவதியே திறந்தாள். அதன்பிறகும் நாள்தோறும் சற்று நேரம் திறந்துவைத்தார்கள். ஜாடிகள் சிவந்தன; வறுக்கலாம், வறுக்கலாம் என்று நாள் போயிற்று.

திங்கட்கிழமை இரண்டு பெண்களிடமும் அவள் இதைச் சொன்னாள்.

மாயக்காள் வாயிலிருந்த வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டாள். “ஜன்னலை யாரு தொறந்தாகன்னு மதுரைக்குத் தெரியவா போகுது? பிளேட்டோட தடிமனை இன்னைக்கே அளந்து, கணக்கைத் திருத்தி அனுப்பிருங்க டீச்சர். ஜன்னல் கதையை எதுக்கு எடுக்குறீக?”

“காரணம் சொல்லாம புது எண்ணை அனுப்பினா என்ன சொல்வாக? ஒத்துவர்ற வரைக்கும் திருத்தியிருக்கான்னு சொல்வாக. சொல்லணும்.”

“சொன்னா ரூமைப் பூட்டிருவாக.”

“சொல்லலைன்னாலும் சனிக்கிழமை வேன் வருது.”

பவுனு கேட்டாள்: “சரி, தடிமனையாச்சும் அளந்து பாத்துக்கிருவோமே? நாம நெனைக்கிறது சரிதானான்னு நமக்காச்சும் தெரியணும்ல?”

கிருபாவதிக்கும் கை துறுதுறுத்தது. நுண்ணோக்கியின் குமிழைத் திருகி, பசையின் மேல்பரப்பையும் அடிப்பரப்பையும் பார்த்தால் போதும், தடிமன் தெரிந்துவிடும். ஆனால் அவள் தட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“நாம அளக்கக் கூடாது. நான் அளந்தா அது நான் போட்ட கணக்கு. அவரு வந்து அவரு கையால அளக்கட்டும். ஒத்துவந்தா நண்டு நிக்கும். வரலைன்னா நானும் போறேன், ரூமும் போகட்டும்.”

“ஆத்தா!” என்றாள் மாயக்காள். “எங்க ஊர்ல சேவக்கட்டு விடுறவுககூட சேவலை ஒரு தடவ தடவிப் பாத்துட்டுத்தான் எறக்குவாக.”

அன்றே கிருபாவதி தபால் நிலையத்துக்குச் சென்று மதுரைக்குத் தந்தி கொடுத்தாள். தந்தி எழுத்தர் ராஜமணி தாளை இரண்டு முறை படித்தார்.

“‘சாரலில் ஜன்னல் திறந்திருந்தது. திறந்தவள் நான். தட்டு உப்பியிருக்கலாம். வந்து அளக்கவும்.’ என்னம்மா இது? ஜன்னல் தொறந்ததுக்கெல்லாமா தந்தி?”

“ஆமா சார். எழுத்து மாறாம அனுப்புங்க.”

“மாறாது. ஆனா ஊருக்குள்ள நம்மளை ஒரு மாதிரி பேசுவாக” என்று சொல்லிக்கொண்டே அவர் தந்திக் கட்டையைத் தட்டத் தொடங்கினார்.

சனிக்கிழமை வேன் வரவில்லை. பழைய கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. பின்னிருக்கையிலிருந்து சங்கரலிங்கம் இறங்கினார். உசிலம்பட்டியிலும் ஆண்டிபட்டியிலும் வெயிலைக் கடந்து வந்தவரின் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது; வாசலுக்கு நடந்த சிறு தொலைவுக்குள் தேனிக்கு மேற்கே தொடங்கிய சாரல் அதை முழுக்க நனைத்துவிட்டது. ஞானபாக்கியம் எதிர்கொண்டு அழைத்த வார்த்தைகளுக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நேரே இசை அறைக்குள் நுழைந்தார். ஜாடிகளைப் பார்த்தார். எல்லாம் சிவப்பு.

“வறுக்கக்கூட இல்லையா?”

“ஒங்களுக்குத் தெரியணும்னுதான் சார் அப்படியே வச்சிருக்கேன்.”

“ஜன்னல் விதி எதுக்கு இருக்குன்னு தெரியுமா தெரியாதா?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சுமா தொறந்தீக?”

“தெரிஞ்சும் தொறந்தேன். தப்புதான். அதை நீங்க எழுதலாம், பம்பாய்க்கும் சொல்லலாம். ரூமைப் பூட்டினாலும் ஏன்னு கேக்கமாட்டேன். ஆனா நான் செஞ்ச தப்புக்கு அந்தத் தடத்தைத் தண்டிக்காதீக சார். ஜன்னலைத் தொறந்தது நானு. அது என்ன செஞ்சுச்சு?”

பவுனு சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சங்கரலிங்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நுண்ணோக்கியின் முன் அமர்ந்தார்.

“தட்டைக் கொடுங்க.”

கிருபாவதி அலமாரியைத் திறந்து, சொன்ன சொல் தவறாமல் அவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றாள். எங்கே பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்தார். வெகுநேரம் பார்த்தார். “ஒரே புள்ளிதான்” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு குமிழை மெல்லத் திருகி, பசையின் மேல்பரப்பில் ஒரு தூசியைத் தெளிவாக்கினார், எண்ணைக் குறித்தார். கீழே கண்ணாடியோடு பசை ஒட்டியிருக்கும் இடம்வரை இறங்கினார்; மறுபடி குறித்தார். இரண்டையும் கழித்தார். மீண்டும் முதலிலிருந்து அளந்தார்.

“தடிமன் கூடியிருக்கு” என்றார். “நல்லாவே கூடியிருக்கு.”

தடிமன் கூடியிருப்பதால் மட்டும் எதுவும் முடிவாகிவிடாது. இன்றைய தடிமனுக்கு இன்றைய ஆழங்களையும் அளந்து, கணக்கை அடியிலிருந்து போட வேண்டும். கூடியிருப்பது போதாமலும் போகலாம். தடம் பாதி இறங்கி அந்தரத்தில் நிற்கவும் கூடும். கிருபாவதி அதை அறிந்திருந்தாள். சாத்திய ஜன்னல்களில் சாரல் மணலை வீசுவதுபோல் அறைந்துகொண்டிருந்தது. மாயக்காள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை. மூன்று தடங்களையும் ஒவ்வொன்றாக அளந்தார். மடக்கை அட்டவணையைப் புரட்டினார். எழுதினார், அடித்தார், எழுதினார்.

கடைசியில் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஆறிய தேநீரை ஒரே மூச்சில் குடித்தார்.

“ஒரே தளம்” என்றார். “இழுப்பும் சரியா இருக்கு. மூணையும் கூட்டினா சைபர்.”

மாயக்காள் பவுனுவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். “முடியா அது? சொல்லுடி, முடியா?”

சங்கரலிங்கம் கிருபாவதியின் பக்கம் திரும்பினார். “ஆனா ஒண்ணு சொல்லணும். இதுல புதுசா எதுவும் இல்ல. ஹீலியம்-அஞ்சு. லாம்டா ஒக்காந்த ஹீலியம். பல நாட்டுல நெறையப் பேரு பாத்தாச்சு. இதுக்காகவா தந்தி, இதுக்காகவா ஆளை அனுப்பாதீக, நீங்களே வாங்கன்னு பிடிவாதம்?”

“புதுசுன்னு நான் எப்ப சார் சொன்னேன்? இருக்குன்னுதான் சொன்னேன். இருக்கிறதை இல்லைன்னு அடிச்சீக. அதுக்காகத்தான் வரச்சொன்னேன்.”

அவருக்கு முகம் சிவந்தது. அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரிடமோ பேசுவதுபோலச் சொன்னார்: “போன ஐப்பசியில எங்க ரூம்லயே குளிர்சாதனம் நின்னுபோச்சு. நல்ல அடைமழை. தளம் சேரலைன்னு நான் வரிசையா அடிச்சிட்டே வந்தேன்.”

“அதெல்லாம் எங்கன சார் இருக்கு?” என்றாள் மாயக்காள்.

“பெட்டியோட பெட்டியா மூலையில கெடக்கு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. கிருபாவதி மட்டும் மெல்லக் கேட்டாள்: “எடுத்துப் பாப்பீகளா சார்?”

“பாத்துத்தான் ஆகணும்.” அவர் எழுந்தார். “இங்கன சாரல் தொடங்கினதுல இருந்து நீங்க அளந்ததையும் அத்தனையும் திரும்ப அளக்கணும். தப்பினது எதுவும் இருக்கக் கூடாது. ஜன்னல் தொறந்ததையும் நான் எழுதத்தான் போறேன்.”

“எழுதுங்க சார். நண்டையும் எழுதுங்க. ரெண்டும் ஒரே தாள்ல இருக்கட்டும்.”

“திரும்ப அளக்குறதுக்கு மைக்ராஸ்கோப் வேணுமே” என்றார் ஞானபாக்கியம், வாசலில் நின்றபடியே, வானத்தைப் பார்த்துப் பேசுவதுபோல. “வேன் எப்ப வருதுங்கய்யா?”

“வேன் வராது” என்றார் சங்கரலிங்கம் சுருக்கமாக.

அவர் தட்டை எடுத்துக்கொள்ளவில்லை. கிருபாவதியிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் அதை உறையிலிட்டு, பெட்டிக்குள் வைத்து மூடினாள். பவுனு ஜாடிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

காரில் ஏறி அமர்ந்த பிறகும் அவர் ஓட்டுநரைப் புறப்படச் சொல்லவில்லை. கதவுக் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே தலையை நீட்டினார். சாரல் அவர் மூக்குக்கண்ணாடியெல்லாம் பொட்டுப்பொட்டாய் ஒட்டிக்கொண்டது, அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

“அடுத்த மாசம் பம்பாய்க்காரங்க மதுரைக்கு வர்றாக. தட்டு உப்புனதுன்னு நான் சொன்னா, ஐப்பசியில எங்க போச்சு இந்த அறிவுன்னு கேப்பாக. நீங்க ஒருநா வந்து அவுககிட்ட எடுத்துச் சொல்லிருங்க கிருபாவதி.”

“நான் அங்க வந்து என்ன சார் சொல்றது? மறுபடியும் கணக்கைத்தான் பாப்பாக.” அவள் குடையின்றிப் படியில் நின்றாள், காற்று சேலையை அறைந்தது. “அவுகளை இங்கன வரச்சொல்லுங்க. சாரல் ஆவணி வரைக்கும் இருக்கு. ஜன்னலைத் தொறந்து காட்டுறேன்.”